வெறும் தூளியை ஆட்டக் கூடாது

நாலு நூல் இந்தப் பக்கம், நாலு நூல் அந்தப் பக்கம், இரண்டையும் முறுக்கி அடியில் ஒரு முடிச்சு. அவ்வளவுதான் மேடம் இந்த வேலை. துண்டு தறியிலிருந்து இறங்கும்போது ஓரத்து நூலெல்லாம் தலைவிரிகோலமாகத் தொங்கும். அதைக் குஞ்சமாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். கை பாட்டுக்குக் கட்டும், வாய் சும்மாதான் இருக்கும். நீங்கள் கேளுங்கள், நான் சொல்கிறேன். துண்டைக் கீழே வைக்க மட்டும் சொல்லாதீர்கள். கை நின்றால் எனக்குப் பேச்சும் நின்றுவிடும்.

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் தறிப்பட்டறை. என் குரல் சின்னக் குரல், தறிச் சத்தத்தில் கேட்காது. நான் அதிகம் பேசவும் மாட்டேன். இந்த லைன் வீட்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், பரிமளாவா, அது வாயில்லாப் பூச்சி என்றுதான் சொல்வார்கள். புதிதாக யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். நீங்கள் வந்தபோதும் அங்கேதான் நின்றேன். கீழே என் கொலுசு தெரிந்திருக்குமே.

நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பானு மேடத்துக்கு வேலையை நிரந்தரம் பண்ணுவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று விசாரிக்க. பானு மேடமே சொல்லிவிட்டார், எங்கள் பெரிய மேடம் வருவார், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள் என்று. பக்கத்து வீட்டு சாந்தாமணி அக்கா வேறு மாதிரி சொன்னார். "ஏங்கண்ணு, நல்லதை மட்டும் சொல்லு. அந்தப் புள்ளைக்கு வேலை போச்சுன்னா ஊருக்குப் போயிரும்." உத்தமபாளையம் பானு மேடத்தின் ஊர். ஒரு வருஷம் பார், நிரந்தரமாகவில்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடு, அப்புறம் வேலைப் பேச்சே எடுக்கக் கூடாது என்று அவருடைய அப்பா, அவர் பேச்சில் அத்தா, சொல்லித்தான் அனுப்பியிருக்கிறாராம். அந்த ஒரு வருஷம் இதோ முடியப்போகிறது.

அதனால் இரண்டு பேர் சொன்னதையும் நான் கேட்கப்போகிறேன். நடந்ததையும் சொல்வேன், நல்லதை மட்டும் சொல்வேன். பானு மேடத்திடம் நல்லதைத் தவிர வேறு இல்லை, அதனால் எனக்கு ஒன்றும் சிரமமில்லை.

முதல் நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் வந்து நின்றார். கழுத்தில் அட்டை. ஷர்மிளா பானு என்று பெயர், பக்கத்தில் இங்கிலீஷில் மூன்று எழுத்து. நான் ஆறாவதோடு நின்றவள். அது அவருடைய அப்பா, தாத்தா பெயர்களின் எழுத்தாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சாந்தாமணி அக்காதான் கேட்டார். சமூகப் பணி படித்த படிப்பு அது, டிகிரிக்கு மேலே இரண்டு வருஷம், மனுஷர்களுக்கு உதவி பண்ணுகிற படிப்பு என்று பானு மேடம் சொன்னார். அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அதுக்கு ரெண்டு வருஷமா கண்ணு? எங்க லைன்ல ஒருத்தி அரிசி இல்லீன்னு வந்தா இன்னொருத்தி குடுக்கறா. எங்களுக்கெல்லாம் யாரு அட்டை மாட்டி உட்டாங்க?"

வேறு யாராவது என்றால் முகம் சுருங்கியிருக்கும். பானு மேடம் கொஞ்சம் யோசித்தார். "குடுக்காதவங்களைக் குடுக்க வைக்கத்தான்க்கா ரெண்டு வருஷம்" என்றார். அன்றைக்கே அக்காவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

நான் ஒரு செம்பு மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு இதோ இந்தச் சுவரில் சாய்ந்தார் பாருங்கள், தூங்கிவிட்டார். வாயைத் திறந்துகொண்டு, நல்ல தூக்கம். இந்தச் சுவரில் யார் சாய்ந்தாலும் அப்படித்தான், தறி அடிக்கிற அடியில் சுவர் மெதுவாக அதிரும், முதுகில் யாரோ தட்டிக்கொடுக்கிற மாதிரி இருக்கும். எங்கள் லைன் பிள்ளைகள் தறி ஓடினால் தூங்கும், கரண்டு போனால் முழித்துக்கொண்டு அழும். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. பானு மேடம் சாயந்தரம்தான் எழுந்தார். மற்ற ஆபீசர்கள் என்றால் நாற்காலி கேட்டு, விறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். இவர் எங்களை நம்பித் தூங்கினார்.

எழுதிக்கொள்கிறீர்களா மேடம்? எழுதிக்கொள்ளுங்கள், நல்ல விஷயம்தானே.

அப்புறம் கேள்வி கேட்க ஒரு காகிதம் கொண்டுவந்திருந்தார். கேள்வி கேட்டால் எனக்குத் தலைதான் ஆடும், எதற்கு ஆமாம் எதற்கு இல்லை என்று எனக்கே தெரியாது. இரண்டு கேள்வி கேட்டுப் பார்த்துவிட்டுக் காகிதத்தைப் பைக்குள் வைத்துவிட்டார். ஒரு துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, எப்படிக் கட்டுவது என்று காட்டுங்கள் அக்கா என்றார். என்னைவிட மூத்தவர், என்னை அக்கா என்கிறார். அந்தப் படிப்பில் அப்படிச் சொல்லிக்கொடுப்பார்களோ என்னவோ. கட்டிக் காட்டினேன். அவரும் கட்டினார். அவர் போன பிறகு அத்தனையையும் அவிழ்த்து நான் மறுபடி கட்டினேன், அது வேறு விஷயம். ஆனால் கை ஓட ஓட என் வாயும் தானாகத் திறந்துகொண்டது. பாப்பா பிறந்தது, பால் சுரக்காதது, என் வீட்டுக்காரர் மாதேசன் பட்டறையில் ஷிப்டு மாறி மாறிப் போவது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காகிதத்தை அவர் வெளியே எடுக்கவே இல்லை.

பானு மேடம் பார்ப்பதெல்லாம் எடை குறைவாகப் பிறந்த பிள்ளைகளை, உங்களுக்குத் தெரியாததா. என் பாப்பா பிறந்தபோது இரண்டு கிலோகூட இல்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பசித்து அழக்கூடத் தெம்பு இருக்காதாம், தூங்கிக்கொண்டே கிடக்குமாம், எழுப்பி எழுப்பிப் பால் கொடுக்க வேண்டுமாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் கோயம்புத்தூர்க் கம்பெனிக்காரர்கள் ஒரு சென்சார் செய்திருக்கிறார்கள். தீப்பெட்டி அளவு. தூளிக்கு அடியில் கட்டிவிட வேண்டும். தூளி ஒரே சீராக ஆடினால் பிள்ளை தூங்குகிறது, உதறி உதறி ஆடினால் பிள்ளை கைகாலை ஆட்டிக்கொண்டு முழித்திருக்கிறது. இங்கே ஆடுவதைக் கோயம்புத்தூர்க் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடும். அதைக் கட்ட பானு மேடம் கூட்டிக்கொண்டு வந்தவர்தான் தினகர் சார், இன்ஜினியர்.

அவர் என்னைவிடக் கூச்சம். என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துத்தான் பேசுவார். அவர் வந்த அன்றைக்கு நாள் முழுக்கக் கரண்டு கட்டு. தறி ஓடவில்லை, தூளி ஆடாமல் அசையாமல் தொங்கியது. பெட்டியைக் கட்டிவிட்டு அதனிடமே சொன்னார், இதை அவிழ்க்கக் கூடாது, நனைக்கக் கூடாது, தூளியைச் சுருட்டி முடிச்சுப் போட்டு மேலே ஏற்றவும் கூடாது, எப்போதும் இப்படியே தொங்க வேண்டும் என்று. பெட்டி சரி என்று சொல்லவில்லை. நான்தான் தலையாட்டினேன்.

டீ குடிக்கும்போது சாந்தாமணி அக்கா அவரையும் விடவில்லை. "ஏந்தம்பி, தூளி ஆடுதா இல்லையான்னு பாக்கறதுக்கும் படிப்பு இருக்குதுங்களா?"

இருக்கிறதாம். இன்ஸ்ட்ருமென்டேஷனாம், அதிலும் மேல்படிப்பாம். இதற்கு முன்னால் ஒரு கார் கம்பெனியில் டயருக்குச் சென்சார் வைத்துக்கொண்டிருந்தாராம், காற்று இறங்கினால் சொல்லுமாம். அக்கா கேட்டார், டயரும் பிள்ளையும் ஒன்றா என்று. தினகர் சார் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டும் வாயைத் திறந்து சொல்லாதுங்க, அதனாலதான்" என்றார். அவருடைய அம்மா சொந்தக்காரர்களிடம் இன்னமும் கார் கம்பெனி என்றுதான் சொல்கிறாராம். தூளிக்குப் பெட்டி கட்டுகிறவன் என்றால் யார் பொண்ணு கொடுப்பார்கள்.

அதைக் கேட்டதும் பானு மேடத்துக்குச் சிரிப்பு. அவருடைய அம்மா ஊரில் டீச்சர் என்று சொல்லிவைத்திருக்கிறாராம். எந்தப் பள்ளிக்கூடம் என்று யாராவது கேட்டால், மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாராம். பாருங்கள் மேடம், இரண்டு பேரும் இத்தனை படித்து, பார்க்கிற வேலையை வீட்டில் சொல்ல முடியவில்லை. நான் குஞ்சம் கட்டுகிறேன், எங்கள் அம்மா ஊர் முழுக்கக் குஞ்சம் கட்டுகிறாள் என்றுதான் சொல்கிறது. அந்த வகையில் எனக்குக் குறை இல்லை.

மறுநாள் தறி ஓட ஆரம்பித்தது. என் கஷ்டமும் ஆரம்பித்தது.

அண்ணாந்து பாருங்கள், தூளி கட்டியிருக்கிற இரும்புக் குழாய். அதன் ஒரு முனை பட்டறைச் சுவருக்குள் போகிறது, எங்கள் வீட்டில் மட்டும்தான் அப்படி. தறி ஓடினால் குழாய் நடுங்கும், குழாய் நடுங்கினால் தூளி ஆடும். மெதுவாகத்தான் ஆடும், ஆள் ஆட்ட வேண்டாம். பிள்ளை உள்ளே இருக்கிறவரைக்கும் அது வசதி. பிள்ளையை வெளியே எடுத்துவிட்டால்?

நீங்களும் பிள்ளை பெற்றவர்தானே மேடம். வெறும் தூளி ஆடக் கூடாது. ஆடினால் பிள்ளைக்கு வயிற்று வலி வரும். அதனால்தான் பிள்ளையை எடுத்த கையோடு தூளியைச் சுருட்டி முடிச்சுப் போட்டு மேலே ஏற்றிவிடுவோம். ஆனால் தினகர் சார்தான் முடிச்சுப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டாரே. எங்களுக்காக அவ்வளவு தூரம் வந்தவர், அவர் பேச்சைத் தட்டலாமா? முடிச்சும் போடக் கூடாது, வெறுமையாக ஆடவும் கூடாது. பிள்ளையை எடுக்காமலும் முடியாது, பால் கொடுக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும். அவரிடம் போன் பண்ணிக் கேட்கலாம் என்றால், கேட்கிற வாய் எனக்கு இருக்கிறதா?

அன்று காலையில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆடுகிற தூளியை ஒரு கையால் பிடித்து நிறுத்திக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நிற்பது? அடுப்பில் சோறு பொங்குகிறது. அந்த நேரம் சாந்தாமணி அக்கா தன் மகன் கௌசிக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். லைனிலேயே அவன் மட்டும் பிறந்ததிலிருந்து பகலில் தூங்கினதே கிடையாது. இவனைக் கொஞ்சம் போட்டுக்கொள்கிறேன் அக்கா என்று வாங்கித் தூளியில் போட்டேன். தூங்கிவிட்டான் மேடம். அக்கா வாசலிலேயே நின்று அதிசயமாகப் பார்த்தார். "பொட்டி வேலை செய்யுது போல" என்றார்.

அவ்வளவுதான், லைன் முழுக்கப் பரவிவிட்டது. சென்சார் தூளியில் போட்டால் பிள்ளை தூங்குகிறது என்று. நான் பாப்பாவை எடுக்கும்போதெல்லாம் யாராவது ஒருத்தி பிள்ளையோடு தயாராக நின்றாள். ஒரு பிள்ளை முழிக்கும், அடுத்ததைப் போடுவோம். பட்டறை வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டே போனார்கள். தறி ஓடுகிற நேரத்தில் தூளி ஒரு தடவைகூட வெறுமையாக ஆடினதில்லை. அந்த விஷயத்தில் எங்கள் லைன் பெண்களை நீங்கள் மெச்சத்தான் வேண்டும். தினகர் சார் சொன்னதை ஒரு எழுத்துத் தப்பாமல் காப்பாற்றினோம்.

ஒரு நாள் பானு மேடம் மூச்சிரைக்க ஓடிவந்தார். பாப்பா பகல்ல தூங்குதா அக்கா என்று கேட்டார். நல்லாத் தூங்குது மேடம் என்றேன். ரொம்ப நேரமா என்றார். ரொம்ப நேரம், எல்லாம் உங்கள் புண்ணியம் என்றேன். அவர் முகம் வெளுத்துப்போயிற்று. பாப்பா என் இடுப்பில் இருந்துகொண்டு அவருடைய அட்டையைப் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தது. அதையும் பார்க்கிறார், என்னையும் பார்க்கிறார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு கேட்டார். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. வேலை ஓடணும்னு பாப்பாவுக்குத் தூக்க மருந்து ஏதாவது…"

எங்கோ சில இடத்தில் அப்படிச் செய்வார்களாம், சளி மருந்தை ஊற்றித் தூங்க வைத்துவிடுவார்களாம். கோயம்புத்தூர்க் கம்ப்யூட்டர் சொல்கிறதாம், இந்தப் பிள்ளை பகலெல்லாம் தூங்குகிறது, பாலுக்குக்கூட எழுந்திருப்பதில்லை என்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. பாப்பாவோடு கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அதுகூட வரவில்லை. நான் அப்படிச் செய்கிறவள் என்று எழுதிவிட்டால் பாப்பா பெரியவளாகி அதைப் படிக்குமே என்றுதான் மனசில் ஓடியது.

பானு மேடம் கதவை இழுக்கவில்லை. அந்தப் பக்கமே தரையில் உட்கார்ந்தார். அப்புறம் சொன்னார். "அப்படித்தான் இருக்கும், எழுதி அனுப்புன்னு மேல இருந்து சொல்றாங்க. நான் எழுத மாட்டேன்க்கா. என் கண்ணால பாக்காம ஒரு எழுத்து எழுத மாட்டேன்."

மேலே இருந்து என்றால் யாரோ, எனக்குத் தெரியாது. நீங்களாக இருக்காது. உங்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

ஏன் மேடம் குனிந்துகொண்டீர்கள்? நூல் சிக்கிக்கொண்டதா? கொடுங்கள். அட, நீங்கள் எப்போது துண்டை எடுத்தீர்கள், நான் பார்க்கவே இல்லையே. முடிச்சு நேராக விழுந்திருக்கிறதே, முன்னே பழக்கம் உண்டா? பானு மேடத்துக்கு இன்னும் வரவில்லை.

மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். பட்டறையில் தறியை நிறுத்தியிருந்தார்கள், பிள்ளைகள் எல்லாம் முழித்து அவரவர் அம்மாவிடம் போயிருந்தன. தூளி ஆடாமல் தொங்கியது, நானும் கவலை இல்லாமல் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாந்தாமணி அக்கா வாசலில் நின்று கௌசிக்குக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்.

வரும்போதே சண்டை. தினகர் சார் பேசி நான் கேட்டதே அன்றைக்குத்தான். சென்சார் பொய் சொல்லாது என்கிறார். பரிமளாக்காவும் பொய் சொல்ல மாட்டாங்க என்கிறார் பானு மேடம். மருந்து கொடுத்துத் தூங்க வைத்த பிள்ளைக்கு எடை கூடுமா, இந்த மாதம் நானே தூக்கி எடை பார்த்தேன், கூடியிருக்கிறது என்கிறார். எடை கூடினது வேறு, தூக்கம் வேறு என்கிறார் அவர்.

"நீங்க ஒரு அம்மாகிட்ட கேட்டுட்டு நம்பறீங்க. நான் அளந்து பாத்துச் சொல்றேன்."

"கேக்கறதுக்கும் படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன் சார். என் படிப்பும் படிப்புதான்."

"பெட்டியில தப்பு இல்லை. இப்ப காட்டறேன் பாருங்க" என்று சொல்லி, தினகர் சார் கையை நீட்டித் தூளியைத் தள்ளினார்.

வெறும் தூளியை.

அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. "வெறும் தூளியை ஆட்டாதீங்க" என்று போட்ட சத்தம் பட்டறை வரைக்கும் கேட்டதாம், மாதேசன் சோற்றுக் கையோடு ஓடிவந்தார். நான் பாப்பாவைத் தரையில் படுக்கவைத்தேன், வாசலுக்குப் பாய்ந்தேன், சாந்தாமணி அக்கா இடுப்பிலிருந்து கௌசிக்கைப் பிடுங்கினேன், தூளிக்குள் போட்டேன். அவன் வாயில் சோறு. ஒரு வயது ஆகப்போகிறவன், தூளியை இரண்டு பக்கமும் விலக்கி எழுந்து உட்கார்ந்து, தினகர் சாரைப் பார்த்துக்கொண்டே மென்றான்.

பானு மேடம்தான் மெதுவாகக் கேட்டார். "அக்கா, பாப்பாவை எடுத்ததும் தூளி வெறுமையாத்தானே இருக்கும்? அப்ப என்ன பண்ணுவீங்க?"

"யாரையாவது போடுவேன்."

"யாரை?"

கையில் துண்டு இல்லை, இருந்தாலும் சொல்லிவிட்டேன். கௌசிக், கோடி வீட்டு யாழினி, மேஸ்திரி மகன், பூக்காரி பேத்தி, அப்புறம் சந்தைக்குப் போகிற அன்றைக்கு மட்டும் விட்டுவிட்டுப் போகிற இரட்டைப் பிள்ளைகள். சொல்லச் சொல்ல தினகர் சார் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பானு மேடம் சிரிக்க ஆரம்பித்தவர்தான், நிறுத்தவே முடியவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். வேலை நேரத்தில் இப்படி மனசுவிட்டுச் சிரிக்கிற ஆபீசரை நீங்கள் எங்கே பார்ப்பீர்கள்.

அந்த நேரம் பார்த்துப் பட்டறையில் தறி ஓட ஆரம்பித்தது. தூளி தானாக ஆடியது. தினகர் சார் தூளியைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். குழாயைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் எழுந்து அதைக் கையால் தொட்டுப் பார்த்தார், கோயிலில் மணியைத் தொடுகிற மாதிரி.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் மேடம் முக்கியம், கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். தினகர் சார் சொன்னார், இத்தனை நாள் சேர்த்த கணக்கெல்லாம் வீண், எது எந்தப் பிள்ளை, எது தறி என்று பிரிக்க முடியாது. பிறகு பானு மேடத்திடம் தனியாகச் சொன்னார். தனியாக என்றால் இந்த அறையிலேதான், வேறு அறை ஏது. "பெட்டி பழுதுன்னு நான் எழுதிக்கறேன். உங்க பேரு எதுலயும் வராது. உங்களுக்கு வேலை நிரந்தரமாகிற நேரம்."

பானு மேடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"பெட்டி மேல பழி போட வேண்டாம் சார். தூங்குதான்னு கேட்டேன், யாரு தூங்கறதுன்னு கேக்கலை. அதைக் கேக்கத்தான் என்னை அனுப்பினாங்க." நடந்ததை அப்படியே எழுதி, தப்பு என்னுடையது என்று கையெழுத்தும் போட்டு உங்கள் ஆபீசுக்கு அனுப்பிவிட்டார். எனக்குத் தூக்க மருந்துப் பேச்சு போய்விட்டது. அவருக்கு வேலைப் பேச்சு வந்துவிட்டது. சாந்தாமணி அக்கா திட்டித் தீர்த்தார், "ஏங்கண்ணு, உன்னைய நீயே மாட்டி உட்டுக்கறதுக்கும் அந்த ரெண்டு வருஷத்துல சொல்லிக் குடுத்தாங்களா?" என்று. பானு மேடம் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். அன்றைக்குக் கட்டின முடிச்சு எல்லாம் ரொம்பக் கோணல்.

நல்லதை மட்டும் சொல்லச் சொன்னார்கள். இதைச் சொன்னது சரிதானே?

இப்போது எல்லாம் நன்றாக நடக்கிறது. தினகர் சார் புதிதாக ஒரு பெட்டி கொண்டுவந்து குழாயில் கட்டியிருக்கிறார். அது தறி ஆட்டுகிறதைச் சொல்லும், இது பிள்ளை ஆடுகிறதைச் சொல்லும், இதில் அதைக் கழித்துக்கொள்வார்களாம். கோயம்புத்தூரில் அவருக்கு நல்ல பெயராம். தறி ஓடுகிற எல்லா ஊருக்கும் இனி இரண்டு பெட்டிதானாம். இனிமேல் முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம் என்றும் உத்தரவு கொடுத்துவிட்டார். இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

ஆனால் யார் முடிச்சுப் போடுகிறார்கள்? பிள்ளைகள் பழகிவிட்டன. என் பாப்பாவுக்கு வேறு குழாயில் தனித்தூளி கட்டி இரண்டு பெட்டியையும் அங்கே மாற்றிவிட்டார்கள், பழைய தூளி ஊர்ப் பிள்ளைகளுக்கு என்று ஆகிவிட்டது. பானு மேடம் அதையும் சும்மா விடவில்லை. பிள்ளைகள் எல்லாம் இங்கேதானே இருக்கிறார்கள் என்று நர்ஸம்மாவையே இங்கே வர வைத்துவிட்டார், எடை பார்ப்பது, ஊசி போடுவது எல்லாம் இந்த வாசலில்தான். என்னை எட்டாவது பரீட்சையைத் தனியாக எழுதச் சொல்கிறார். அது பாஸானால் பிள்ளை பார்க்கிற பயிற்சி ஒன்று இருக்கிறதாம், முடித்தால் எனக்கும் கழுத்தில் அட்டை உண்டாம். எனக்குச் சிரிப்பு வருகிறது. பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்கு ஒரு அட்டையா என்று சாந்தாமணி அக்கா கேட்க மாட்டாரா? ஆனால் அட்டையில் பெயரை எப்படி எழுதுவார்கள் என்று ஒரு தடவை கேட்டுவைத்திருக்கிறேன், சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

ஒன்று மட்டும் எனக்கு ஒத்துப்போகவில்லை. பிள்ளைகளைத் தூங்க வைப்பது தறிதான், பெட்டி இல்லை என்று பானு மேடம் உட்கார வைத்து விளக்கினார். சரி மேடம் என்று தலையாட்டினேன். படித்தவர்களிடம் எதற்கு வாதாட வேண்டும். ஆனால் நீங்களே சொல்லுங்கள், தறி நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஓடுகிறது. கௌசிக் தூங்கினது பெட்டி வந்த பிறகுதானே? அதனால் தினகர் சாருக்குத் தெரியாமல் பழைய தூளிக்கு அடியிலும் ஒரு தீப்பெட்டியைக் கட்டிவைத்திருக்கிறேன். வெறும் தீப்பெட்டிதான். அதற்கே நன்றாகத் தூங்குகிறார்கள்.

சிரிக்கிறீர்களா மேடம்? இவ்வளவு நேரம் கழித்து இப்போதுதான் சிரிக்கிறீர்கள்.

என்ன கேட்டீர்கள், காதில் சரியாக விழவில்லை, தறிச் சத்தம். பானு மேடத்துக்கு இந்த லைன் மட்டும் போதுமா, பக்கத்து நாலு லைனையும் சேர்த்துக் கொடுத்தால் தாங்குவாரா என்றா?

நாலு லைனா? ஐயோ, அப்படியென்றால் எங்களுக்கு எப்போது வருவார்? வெயிலில் அவ்வளவு தூரம் நடக்க வேண்டுமே, பாவம். வேண்டாம் மேடம், அவர் இங்கேயே இருக்கட்டும், நான் சொன்னதில் ஏதாவது தப்பாக... இருங்கள். வேலையில் இல்லாதவருக்கு யாராவது நாலு லைன் சேர்த்துக் கொடுப்பார்களா? அப்படியென்றால் மேடம், பானு மேடத்துக்கு...

தறி நின்றுவிட்டது. கரண்டு போய்விட்டது மேடம், இனி அத்தனையும் முழித்துக்கொள்ளும். கேட்கிறதா? சாந்தாமணி அக்காதான், நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி பரிமளா பரிமளா என்று கூப்பிடுகிறார், இரட்டைப் பிள்ளைகள் இரண்டும் அவரிடம் இருக்கின்றன. இதோ வந்துட்டேன்க்கா. நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், என் பாப்பாவை மட்டும் கொஞ்சம் பிடியுங்கள், கழுத்தில் இருக்கிற அட்டையைக் கடிக்கும், பரவாயில்லை, விடுங்கள். தூளி இப்போது ஆடாது. கரண்டு வந்து ஆட ஆரம்பித்தால் மட்டும் வெறுமையாக விட்டுவிடாதீர்கள், பாப்பாவை அதில் போட்டுவிடுங்கள். வர்றேன்க்கா, வந்துக்கிட்டே இருக்கேன். அப்புறம் மேடம், உங்களிடம் போன் இருக்கிறதல்லவா, நான் வருவதற்குள் உத்தமபாளையத்துக்கு நீங்களே ஒரு போன் போட்டு அவருடைய அத்தாவிடம், மூட்டை கட்ட வேண்டியதில்லை என்று...